வீட்டுக்குள் தொழில், சுவருக்கு அப்பால் ஊர்

விழுப்புரம் மாவட்டத்துத் தளவானூரில் வீட்டு முன்னறையில் ஒரு தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்தால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். அதே வீட்டுப் பின்கட்டில் மல்லாட்டை ஆட்டும் மோட்டார் செக்கை இறக்கிப் பாருங்கள். சுவர் அதிர்கிறது, பிள்ளை தூங்கவில்லை, மோட்டார் போட்டால் எங்கள் வீட்டு விளக்கு மங்குகிறது என்று கொஞ்ச நாளிலேயே பேச்சு கிளம்பும். இரண்டும் வீட்டுத் தொழில்தான். ஆனால் சட்டமும் ஊரும் அவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை.

தொழில் தொடங்கும் முன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தொழிலில் எது என் சுவரைத் தாண்டி வெளியே போகும்? ஓசையா, புகையா, மிளகாய் நெடியா, கழிவுநீரா, தீப்பிடிக்கும் ஆபத்தா, வாசலில் வந்து நிற்கும் வண்டிகளா? எதுவும் தாண்டாது என்றால் உங்களுக்குத் தேவைப்படும் காகிதங்கள் மிகக் குறைவு. தாண்டுமென்றால், தாண்டும் ஒவ்வொன்றையும் கேட்க ஓர் அலுவலகம் இருக்கிறது. அந்தக் காகிதங்களை, பக்கத்து வீட்டாரோடு முகம் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள். மனத்தாங்கல் வந்தபின் விண்ணப்பித்தால் அதே காகிதத்துக்குப் படாதபாடு படவேண்டும். இந்த அத்தியாயத்தில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இதை மறக்காதீர்கள்.

உங்கள் வீடு யாருடைய எல்லையில்?

கேட்கவே தேவையில்லாத கேள்வி போலத் தோன்றும். ஆனால் செஞ்சியின் ஓரங்களில் வீடு கட்டியிருப்பவர்களில் பலர், முகவரியில் செஞ்சி என்று எழுதுவதாலேயே தாங்கள் பேரூராட்சிக்குள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டு வரி ரசீதின் தலைப்பைப் பாருங்கள். கிராம ஊராட்சி என்று இருந்தால் உங்களுக்குப் பொருந்துவது 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். தளவானூர்க்காரர்களுக்கு அதுதான். செஞ்சி பேரூராட்சி என்று இருந்தால் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். 1998இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டம் நெடுங்காலம் கிடப்பில் கிடந்து, திருத்தப்பட்டு, புதிய விதிகளோடு 2023 ஏப்ரல் 13 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய 1920ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தைக் காட்டி யாராவது இன்னும் விளக்கம் சொன்னால், அது இப்போது நடப்பில் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பேரூராட்சியில் செயல் அலுவலரைப் பார்க்க வேண்டும். கிராமத்தில் முதலில் பார்க்க வேண்டியவர் ஊராட்சிச் செயலர். கையெழுத்திடும் அதிகாரம் தலைவருடையது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் முடிந்திருந்தால் தனி அலுவலருடையது. விழுப்புரம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் மற்ற பல மாவட்டங்களைப் போல 2019 டிசம்பரில் நடக்கவில்லை, 2021 அக்டோபரில்தான் நடந்தது. அதனால் வேறு மாவட்டத்து உறவினர் சொல்லும் நடைமுறையை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். சில உரிமங்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகம்வரை போகும். “இது இங்கேயே முடியுமா சார், பி.டி.ஓ. ஆபீசுக்குப் போகணுமா?” என்று செயலரிடம் முதல் நாளே கேட்டுவிட்டால் ஒரு நடை மிச்சம்.

உரிமம் எதற்கு, எதற்கு இல்லை

ஊராட்சிகள் சட்டத்தின் 159ஆவது பிரிவு, மனித உயிருக்கோ உடல்நலத்துக்கோ சொத்துக்கோ தீங்கு நேரக்கூடிய தொழில்களை உரிமம் இல்லாமல் நடத்தக்கூடாது என்கிறது. 160ஆவது பிரிவு, இயந்திரங்கள் நிறுவுவதையும் பட்டறை, ஆலை அமைப்பதையும் பற்றியது. மாவு மில், மிளகாய் அரைக்கும் மிஷின், வெல்டிங் பட்டறை, மரம் அறுக்கும் இடம், எண்ணெய்ச் செக்கு ஆகியவற்றைப் போடுபவர்கள் இந்த இரண்டு பிரிவுகளின் பெயரைச் சொல்லியே செயலரிடம் கேட்கலாம். எழுத்தில் விண்ணப்பியுங்கள். மோட்டாரின் குதிரைத்திறன், அது நிற்கப்போகும் அறையின் அளவு, பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை ஓடும் என்பதையெல்லாம் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். கேட்காத விவரத்தைக் கொடுப்பானேன் என்று தோன்றலாம். நாளைக்கு யாராவது புகார் கொடுத்தால், “நான் மறைக்கவில்லை” என்பதற்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி. நகலில் ஒப்புகை முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

2025 ஜூலையில் கிராம ஊராட்சிகளில் தொழில் உரிமம் பற்றி அரசு புதிய விதிகளைக் கொண்டுவந்தது. டீக்கடை, தையல் கடை போன்ற சிறு தொழில்களும் உரிமம் எடுக்க வேண்டும் என்ற செய்தி வந்ததும் வணிகர்கள் எதிர்த்தார்கள். நடைமுறைப்படுத்துவதை அரசு நிறுத்திவைத்தது. எனவே விண்ணப்பிக்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று செயலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யாராவது அந்த விதிகளைக் காட்டிப் பணம் கேட்டால், ரசீது தரச் சொல்லுங்கள். ரசீது இல்லாத கட்டணம் கட்டணமே அல்ல.

இதில் என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. ஒற்றைத் தையல் மிஷினையும் மரம் அறுக்கும் பட்டறையையும் ஒரே பட்டியலில் வைப்பது தவறு. உள்ளாட்சி ஒரு தொழிலைக் கட்டுப்படுத்துவதற்குத் தகுந்த காரணம் பக்கத்து வீட்டாரின் உறக்கமும் மூச்சும் பாதுகாப்பும்தான். வருவாயை மட்டும் பார்த்து உரிமம் கேட்டால் தைத்துப் பிழைக்கும் பெண் ஒளிந்து பிழைக்கத் தொடங்குவார். ஒளிந்து நடக்கும் தொழிலை எந்த அலுவலகத்தாலும் சீர்படுத்த முடியாது. ஆனால் பிழைக்கும் உரிமையைச் சாக்காக வைத்து, தெருவுக்கு நடுவே கிரைண்டிங் மிஷினில் இரும்பு அறுத்துப் பொறி பறக்கவிடுபவருக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

தெருவோரப் பிரச்சினை என்று இதை உள்ளாட்சி பல ஆண்டு கண்டும் காணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லியைப் பார்த்தால் போதும். குடியிருப்புப் பகுதிகளில் கடைகளும் பட்டறைகளும் பெருக விட்டுவிட்டு, 2006இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் ஒரே மூச்சில் சீல் வைக்கத் தொடங்கினார்கள். கடை வைத்திருந்தவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். பிறகு 2007இல் வந்த டெல்லி பெருந்திட்டம் கலப்புப் பயன்பாட்டுத் தெருக்களையும் வீட்டுத் தொழில்களையும் விதிகளுக்குள் கொண்டுவர முயன்றது. அதை முன்பே செய்திருந்தால் எத்தனையோ குடும்பங்களின் முதலீடு பூட்டுக்குள் சிக்கியிருக்காது.

எந்த நிலையிலும் வீட்டில் செய்யக்கூடாதவை சில உண்டு. பட்டாசும் வெடிமருந்தும் அவற்றில் முதலாவது. அவை 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழ் வருபவை. ஊராட்சித் தலைவர் வாய்மொழியாகச் சொல்லும் அனுமதிக்கு அங்கே மதிப்பே இல்லை. சாயம் தோய்க்கும் பட்டறையும் வீட்டுத் தொழிலாகாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிவப்பு வகையில் இருக்கும் தொழில் அது.

மின்சார இணைப்பு

வீட்டுத் தொழில் செய்பவர்களுக்குப் பெரிய அடி பெரும்பாலும் ஊராட்சியிடமிருந்து வருவதில்லை, மின்வாரியத்திடமிருந்து வருகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டு இணைப்பு வீட்டு உபயோகத்துக்குத் தரப்பட்டது. அதே கம்பியிலிருந்து செக்கையோ மாவு மிஷினையோ ஓட்டினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவில் அது அனுமதியற்ற பயன்பாடு. ஆய்வுக்கு வரும் அதிகாரி, அந்தத் தொழிலுக்குரிய கட்டணத்தின் இரு மடங்கில் கணக்குப் போடலாம். எப்போதிலிருந்து ஓடுகிறது என்று நிறுவ முடியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கணக்கிடுவார். திருட்டு வழக்கு வேறு, இது வேறு. ஆனால் சிறு தொழில் செய்பவருக்கு ஓராண்டு மின்கட்டணத்தை இரட்டிப்பாக ஒரே நாளில் கேட்டால் தொழிலே நின்றுவிடும்.

தனி இணைப்பு எடுப்பதுதான் வழி. குடிசைத் தொழில்களுக்கும் உற்பத்தி செய்யும் குறுந்தொழில்களுக்கும் தாழ்வழுத்தத்தில் 12 கிலோவாட் வரை தனியாக ஒரு கட்டணப் பிரிவு இருக்கிறது. கடைகளுக்கான வணிகக் கட்டணத்தைவிட அது குறைவு. செக்கு, மாவு அரைத்துப் பாக்கெட் போடுவது, ஊறுகாய் போடுவது ஆகியவற்றுக்கு விண்ணப்பத்தில் “வணிகம்” என்று யாராவது எழுதிவிட்டால், உற்பத்தி என்று விளக்கி மாற்றச் சொல்லுங்கள். அதற்குக் குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்று கைகொடுக்கும். 2020 ஜூலை முதல் நடப்பில் உள்ள அந்தப் பதிவு இணையத்தில் ஆதார் எண்ணைக் கொண்டு செய்வது, முற்றிலும் இலவசம். நெட் சென்டரில் தட்டச்சுக்கூலி தரலாம். “அரசுக் கட்டணம்” என்று கேட்டால் தர வேண்டாம்.

தனி இணைப்பில் இன்னொரு லாபம் இருக்கிறது. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரம் வீட்டு மீட்டரிலேயே பாதுகாப்பாக இருக்கும். தொழிலின் செலவு என்ன, வீட்டின் செலவு என்ன என்பதும் தனித்தனியாகத் தெரியும். பல வீட்டுத் தொழில்கள் லாபம் ஓடுகிறதா நட்டம் ஓடுகிறதா என்றே தெரியாமல் நடப்பதற்கு ஒரே மீட்டரும் ஒரு காரணம்.

வழக்கறிஞர், மருத்துவர் போன்றவர்கள் தங்கள் வீட்டோடு ஒட்டி 200 சதுர அடிக்குள் வைத்துக்கொள்ளும் ஆலோசனை அறைக்கு வீட்டுக் கட்டணமே போதும். வீட்டுச் சமையல் சிலிண்டரும் மீட்டரைப் போலத்தான். 14.2 கிலோ சிலிண்டர் வீட்டு அடுப்புக்கு. விற்பதற்காக முறுக்கு சுட்டால் 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்க வேண்டும். வீட்டுக் குழாயில் வரும் ஊராட்சிக் குடிநீரும் குடும்பத்துக்கானது. தொழிலுக்குத் தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதைத் தெரு கவனித்துக்கொண்டுதான் இருக்கும், குறிப்பாகக் கோடையில்.

தின்பண்டம், மாவு, எண்ணெய்

வாய்க்குப் போகும் எதை விற்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். 2006ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுச் சமையலறையை விலக்கி வைக்கவில்லை. சிறு வியாபாரிகளுக்கான அடிப்படைப் பதிவு ஆண்டுக்கு 100 ரூபாய்தான். பல ஆண்டுகளாக, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இந்தப் பதிவு, அதற்கு மேல் உரிமம் என்று எல்லை வகுத்திருந்தார்கள். விண்ணப்பிக்கும் ஆண்டில் அந்த எல்லை எவ்வளவு என்பதை அந்தப் பதிவுக்கான ஃபாஸ்காஸ் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும்.

பாக்கெட் போட்டு விற்றால் பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்தவர் முகவரி, தேதி, அதிகபட்ச விலை ஆகியவை மேலே இருக்க வேண்டும். தராசுக்கு முத்திரை இருக்க வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் பைகளில் கட்டிக் கொடுத்தால் அபராதம் உண்டு. இட்லி மாவு விற்பவர்கள் அரிசி களைந்த தண்ணீரைத் தெருவில் திறந்துவிடாமல் ஓர் உறிஞ்சுகுழி வெட்டிக்கொள்ள வேண்டும். புளித்த மாவுநீரின் நாற்றமும் அதில் மொய்க்கும் கொசுவும் கொண்டுவரும் சண்டையை எந்தப் பதிவெண்ணும் தீர்க்காது.

அறை கூட்டிக் கட்டுவதற்கு முன்

தளவானூரிலும் செஞ்சியிலும் தனியாகக் கவனிக்க வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களுக்கு எழுதப்பட்ட கையேடுகளில் அது இருக்காது.

முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்த தளவானூர்க் குடைவரை, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. செஞ்சிக் கோட்டையும் அப்படியே. 1958ஆம் ஆண்டின் தொல்நினைவுச் சின்னங்கள் சட்டம் 2010இல் திருத்தப்பட்டபின், பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர்வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. முதல் பகுதியில் புதிய கட்டுமானம் கூடவே கூடாது. இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவே அனுமதி வேண்டும். இரண்டாம் பகுதியில் புதிதாகக் கட்டலாம், ஆனால் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் தடையின்மைச் சான்று பெற்ற பிறகு. மீறினால் இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

அளவை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். குடைவரையின் வாயிலிலிருந்தோ கோட்டை வாசலிலிருந்தோ அளப்பதில்லை. தொல்லியல் துறை அறிவித்திருக்கும் பாதுகாப்பு எல்லையின் ஓரத்திலிருந்து அளக்கிறார்கள். “கோயில் அங்கே இருக்கு, நம்ம வீடு எவ்வளவோ தள்ளி” என்று கண்ணளவில் முடிவு செய்து, செக்குக்கு ஒரு ஷெட் எழுப்பிய பிறகு நோட்டீஸ் வாங்குவது வீண் நட்டம். பட்டாவில் உள்ள சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். ஊராட்சி கொடுக்கும் கட்டட அனுமதி இந்தச் சான்றுக்கு ஈடாகாது. இரண்டும் வேண்டும்.

செஞ்சிக்கு இது இப்போது இன்னும் அவசரமான செய்தி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் மகாராட்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். வருகிறவர்கள் பெருகும்போது வீட்டு அறையை வாடகைக்கு விடவும், வாசலில் சாப்பாடு போடவும் பலருக்கு ஆசை வரும். அது நல்ல ஆசை. இருக்கும் அறையைச் சுத்தம் செய்து விடுங்கள். மாடியில் அவசரமாக ஓர் அறை எழுப்பாதீர்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களைப் பற்றிய விவரத்தை இணையவழியில் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இதை முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிவரை கட்டும் வீட்டுக்கு உடனடி அனுமதி தருகிறது. அது குடியிருப்புக்கு மட்டும். வீடென்று அனுமதி வாங்கிப் பட்டறை கட்டினால் அனுமதியே இல்லாமல் கட்டியதற்குச் சமம்.

வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். குடியிருக்க விட்ட வீட்டை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது, 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி உங்களைக் காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாகும்.

வரி

ஊராட்சி அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி கேட்கலாம். அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. எவ்வளவு சம்பாதித்தாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் யாரும் கேட்க முடியாது. அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு வைத்த வரம்பு அது. கட்டினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் தொழில் இந்த ஊரில் இந்த ஆண்டிலிருந்து நடக்கிறது என்பதற்கு வங்கிக் கடனுக்கும் வழக்குக்கும் உதவும் சான்று.

பக்கத்து வீடு

மிஷின் வந்து இறங்குவதற்கு முன் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். “பெரியம்மா, பின்கட்டுல மாவு மிஷின் போடலாம்னு இருக்கேன். காலையில ஒன்பதுலேருந்து ஒரு மணிவரைக்கும்தான் ஓடும். உங்களுக்குத் தொந்தரவா இருந்தா என்கிட்டயே சொல்லுங்க” என்றால் போதும். அனுமதி கேட்பதல்ல இது, தெரியப்படுத்துவது. அவர்கள் சொல்லும் முதல் குறையைக் கேட்டு உடனே சரிசெய்துவிட்டால், பெரும்பாலும் இரண்டாவது குறை அலுவலகத்துக்குப் போகாது. மோட்டாருக்குக் கீழே கனமான ரப்பர் தட்டை வைத்து, பொதுச்சுவரைத் தொடாமல் தனி மேடையில் நிறுத்தினால் அதிர்வு வெகுவாகக் குறையும். மிளகாய் அரைக்கும் அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள்.

சட்டம் வைத்திருக்கும் அளவும் உண்டு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல். இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை. அந்த நேரத்தில் மிஷினைப் போடவே போடாதீர்கள், தீபாவளி ஆர்டர் எவ்வளவு குவிந்திருந்தாலும் சரி.

நோட்டீஸ் வந்தால்

நோட்டீசைக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள், நாள் ஓடத் தொடங்கிவிடும். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் அனுப்பியிருக்கிறார்கள், எத்தனை நாள் அவகாசம் என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். பிரிவு குறிப்பிடாமல் “தொழிலை உடனே நிறுத்தவும்” என்று மட்டும் இருந்தால், எந்தச் சட்டப் பிரிவின்படி என்று கேட்டு எழுத்தில் பதில் கொடுங்கள்.

புகார் கோட்டாட்சியரிடமோ வட்டாட்சியரிடமோ போயிருந்தால், 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவில் ஓர் உத்தரவு வரக்கூடும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆவது பிரிவாக இருந்தது இது. பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லும் நிபந்தனை உத்தரவு. குறித்த நாளில் நேரில் போய் உங்கள் விளக்கத்தைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. போகாவிட்டால் உத்தரவு உறுதியாகிவிடும். அன்றைக்கு விண்ணப்ப நகலும், தனி மின் இணைப்பின் ரசீதும், உணவுப் பதிவும், மோட்டார் மேடையின் புகைப்படமும் கையில் இருந்தால் நீங்கள் சொல்வதைக் கேட்க அதிகாரிக்குக் காரணம் இருக்கும்.

உங்கள் விண்ணப்பம் பதிலில்லாமல் ஊராட்சியில் கிடந்தால் திங்கட்கிழமை விழுப்புரம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். 1100 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம். அதற்கு முன் கிராம சபையில் எழுப்பிப் பாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. வீட்டில் இயந்திரம் வைத்துத் தொழில் செய்பவர்கள் அதை எந்த நேரத்துக்குள் ஓட்டலாம், கழிவுநீரை எங்கே விடலாம் என்று ஊருக்குப் பொதுவாக ஒரு தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்களைப் போல நான்கைந்து வீட்டுத் தொழில்காரர்களும், தொந்தரவு என்று சொல்லும் பக்கத்து வீட்டாரும் அதே கூட்டத்தில் உட்கார்ந்து பேசும்போது நேரக் கணக்கு எளிதில் ஒத்துவரும். பேசி முடித்தது தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள்.